நான்கு விரல், ஓர் உள்ளங்கை

விருந்தாளிகள் எழுவதற்கு முன் எழுந்துவிடுவேன்.
மசினகுடியில் அந்நேரம் நாய்கள்கூட
சுருண்டுதான் கிடக்கும்.
சுலைமான் கடையில் பால் பொங்கியிருக்காது.
ஜீப்பைக் கிளப்பாமல் சரிவில் உருட்டி
மாயாறு ரோட்டில் மூன்றாவது பாலம் தாண்டி
மண் நைசாக இருக்கும் இடத்தில் இறங்குவேன்.

இரண்டு நிமிட வேலை.
கைமுட்டியை அழுத்தி ஒரு திருப்பு, அது உள்ளங்கால்.
கட்டைவிரலால் நான்கு குழி.
நகம் மட்டும் படக் கூடாது.
புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடக்கும்.
நகம் பட்டால் நாயாகிவிடும்,
நாய்க்கு யார் இரண்டாயிரத்து ஐநூறு தருவார்கள்?
எப்போதும் மூன்று தடம்.
நாலாவது வைத்தால் பேராசை.

ஆறரைக்கு அதே இடத்தில் பிரேக்.
"இதோ, இப்பத்தான் போயிருக்கு."
குரலைத் தாழ்த்த வேண்டும்.
தாழ்த்தினால் வண்டியே மூச்சை நிறுத்தும்,
அப்புறம் மயில் பறந்தாலும் அலறுவார்கள்.
புள்ளிமான், மந்தி, எங்கோ ஒரு காட்டெருதின் முதுகு,
உண்ணிச்செடி விட்டுக்கொடுப்பது அவ்வளவுதான்.
ஆனாலும் ஊருக்குப் போய்ச் சொல்ல
அவர்களிடம் ஒரு புலி இருக்கும்,
கொஞ்சம் முன்னால் போய்விட்ட புலி.

அன்று வந்தவர் திருப்பூர்க்காரர், செல்வகணபதி.
போன வருடம் கென்யா.
வண்டியில் ஏறியதிலிருந்து கென்யா.
அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை,
எதற்கும் ஒளிய இடமில்லை.
சிங்கம் ஜீப்பின் நிழலில் வந்து படுத்ததாம்.
காலைச் சாப்பாட்டுக்குள்
ஐந்து பெரிய மிருகத்தையும் முடித்துவிட்டார்களாம்.
"அந்த கைடு ஒரு வார்த்தை பொய் சொல்லலப்பா."
நான் கியரை மாற்றினேன்.

கல்லட்டி வளைவுகளில் வாந்தியெடுத்த களைப்பில்
மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
மனைவி மட்டும் கேட்டார், அது என்ன குருவி?
தவிட்டுக்குருவி, ஏழெட்டாகத்தான் திரியும் என்றேன்.
திரும்பிப் பார்த்து எண்ணினார்.
எட்டு.

மூன்றாவது பாலம்.
"இதோ, இப்பத்…"

மூன்றுக்குப் பதில் பதினொன்று கிடந்தது.
இடதுபுறப் புதரிலிருந்து நேர்கோடாக வந்து
என் முதல் தடத்தருகே நின்றிருக்கிறது.
பக்கத்தில் உட்கார்ந்த பள்ளம்.
வால் புரண்ட கோடு.
பிறகு எழுந்து
என் இரண்டாவது தடத்தின் மேலேயே காலை வைத்துப் போயிருக்கிறது.
அதன் ஓரத்தில் என் முட்டியின் விளிம்பு
பிறைபோல் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.
இறங்கி, விரல்களை விரித்து வைத்துப் பார்த்தேன்.
கை உள்ளே அடங்கிவிட்டது.
கரையிலிருந்து மணல் ஒவ்வொன்றாக
இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"என்னப்பா?"
"புலி, சார்."
குரலைத் தாழ்த்த மறந்துபோனேன்.
சந்தையில் கத்துகிறவன் போல் உடைந்து வந்தது.

அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.
சிரித்தார்.
"கையாலயே போடலாம்பா இதெல்லாம்.
அந்தா, அது விரல் வச்சு அழுத்துனதுதானே?"
நீட்டிய விரல்
சரியாக என் மூன்றாவதைக் காட்டியது.
பதினொன்றில் அதை எப்படிப் பிடித்தார் என்று
இன்றுவரை விளங்கவில்லை.
மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்,
எதை மறுப்பது?

புதருக்குள் ஒரு கடமான் கூப்பிட்டது.
ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.
"ரிக்கார்டா?" என்றார்.

திரும்பும்போது யாரும் பேசவில்லை.
இறங்குகையில் அவர் மனைவி மெல்லக் கேட்டார்,
"அந்தக் கோடு, வால்தானே?"
தலையாட்டினேன்.
மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு
நெடுநேரம் ரோட்டையே பார்த்து நின்றார்.
செல்வகணபதி இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தார்,
"நடிப்புக்கு."

வாங்கிக்கொண்டேன்.
கட்டைவிரல் நகத்திடுக்கில் காலையின் மண்.
கிளாசிலிருந்து டீ
பெஞ்சில் சிந்திக்கொண்டே இருந்தது.
சுலைமான் ஒன்றும் கேட்காமல்
துடைத்துவிட்டு
இன்னொன்று போட்டு வைத்தான்.